ஓவியர் இரவிவர்மா

திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு பிறந்தவர் இரவிவர்மா. இளமையில் அவர் வீட்டுச் சுவர்களிலெல்லாம் கரியாற் படந்தீட்டுவார். தாய்மாமன் இராசராசவர்மா அத்திறத்தைக் கண்டு மகிழ்ந்து, பதினான்காம் வயதில் அவரைத் திருவனந்தபுரம் அரசவைக்கு அழைத்துச் சென்றார்.

அந்நாளில் எண்ணெய்வண்ண ஓவியம் நம்மவர்க்குப் புதியது. அதனை அறிந்த அரண்மனை ஓவியர் இராமசாமி நாயுடு கற்பிக்க மறுத்தார். 1868இல் மன்னரின் உருவந்தீட்ட வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பியரும் அருகிருந்து காண மட்டுமே இசைந்தார். இரவிவர்மாவோ கண்ணையே ஆசானாகக் கொண்டு, வண்ணங்களைத் தாமே குழைத்துப் பழகினார். ஐந்தே ஆண்டுகளில், 1873இல், சென்னைக் கண்காட்சியில் அவர் ஓவியம் ஆளுநரின் பொற்பதக்கம் பெற்றது. 1893இல் அமெரிக்க நாட்டுச் சிக்காகோவிலும் அவர் ஓவியங்கள் பரிசு பெற்றன.

காலில் முள் தைத்தாற்போல் நின்று துஷ்யந்தனைத் திரும்பி நோக்கும் சகுந்தலை, அன்னத்தின் தூதினைக் கேட்கும் தமயந்தி முதலியோரை அவர் உயிருள்ளோர்போற் காட்டினார். மேனாட்டுச் சாயல் மிகுந்ததென்று சிலர் குறை கூறினர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு.

மாளிகைச் சுவரில் தொங்கும் ஓவியம் ஏழையின் கண்ணுக்கு எட்டுமோ? இதனை எண்ணியே 1894இல், தம்பியின் துணையுடன், பம்பாயில் அச்சகம் நிறுவினார். ஒரு படத்திற்குப் பல கற்கள். வண்ணந்தோறும் தனித்தனிக் கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடவேண்டும். செலவு பெருகிற்று, கடன் சூழ்ந்தது. இறுதியில் அச்சகத்தை ஜெர்மானியர் ஒருவர்க்கு விற்க நேர்ந்தது. 1906இல் இரவிவர்மா கிளிமானூரிற் காலமானார்.

திருவிதாங்கூரிற் கோயிற்கதவு இந்துக்கள் அனைவர்க்கும் திறந்தது 1936இல்தான். அதற்கு நெடுநாள் முன்பே, கோயிலுள் நுழைய உரிமையற்றிருந்தோர் குடிசைகளிலும் அவர் தீட்டிய திருமகளும் கலைமகளும் குடியேறிவிட்டனர்.