அளவறிந்த தவம்

தினமும் தியானம் பழகத் தொடங்கும் அன்பர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் இடறி விழுகின்றனர். சிலர் ஆரம்ப உற்சாகத்தில் உறக்கத்தைக் குறைத்து, உணவைச் சுருக்கி, நெடுநேரம் ஆசனத்தில் அமர்கின்றனர். சில வாரங்களில் தலை கனக்கிறது. சிறிய விஷயத்திற்கும் சினம் வருகிறது. ஒருநாள் ஆசனத்தைப் பார்த்தாலே கசப்பு உண்டாகிறது. வேறு சிலரோ, இன்று உடல் அசதி, நாளை அலுவல் என்று ஒவ்வொரு நாளும் தங்களுக்குத் தாங்களே விடுமுறை அளித்துக்கொள்கின்றனர். முன்னவர்கள் அளவுக்கு மேல் வளைத்து முறித்த வில்லைப் போன்றவர்கள். பின்னவர்கள் நாணே ஏற்றாத வில்லைப் போன்றவர்கள். இருவருடைய அம்பும் இலக்கைச் சேர்வதில்லை.

கட்டுப்பாடு எவ்வளவு, ஓய்வு எவ்வளவு என்ற கேள்விக்குப் புத்தகத்தில் விடை தேடுவதைவிட, அதை வாழ்ந்து காட்டிய ஒரு மகானின் வாழ்க்கையில் தேடுவது எளிது. ஸ்ரீராமகிருஷ்ணரின் மானச புத்திரரும், ராமகிருஷ்ண மடம் மற்றும் மிஷனின் தலைவராக 21 ஆண்டுகள் விளங்கியவருமான சுவாமி பிரம்மானந்தரின் வாழ்க்கை அத்தகையது. அன்பர்கள் அவரை ‘மகராஜ்’ என்றே அழைத்தனர்.

தாய்மடியில் தொடங்கிய சாதனை

1863 ஜனவரி 21 அன்று, வங்காளத்தில் பசீர்ஹாட்டுக்கு அருகிலுள்ள சிக்ரா கிராமத்தில் செல்வந்தரான ஆனந்தமோகன் கோஷின் புதல்வராகப் பிறந்தார் ராக்கால். ஐந்தாம் வயதில் தாயை இழந்தார். கல்வி கற்கக் கல்கத்தாவுக்கு வந்தபோது, உடற்பயிற்சிக் கூடத்தில் நரேந்திரரின் நட்புக் கிடைத்தது. வருங்காலத்தில் சுவாமி விவேகானந்தராக விளங்கப்போகும் அந்த இளைஞருடன் சேர்ந்து பிரம்ம சமாஜத்திற்கும் சென்று வந்தார். 1881-இல் ராக்காலுக்குத் திருமணம் நடந்தது. மணமகளின் சகோதரரான மனமோகன் மித்ரா ஸ்ரீராமகிருஷ்ணரின் பக்தர். அவரே ராக்காலைத் தட்சிணேசுவரத்திற்கு அழைத்துச் சென்றார். இல்லறத்தில் பிணைக்க வந்த உறவே இறைவனிடம் கொண்டு சேர்த்த வழியாயிற்று.

அன்னை காளி தமக்கு ஒரு மகனைத் தரப்போவதை ஸ்ரீராமகிருஷ்ணர் முன்பே காட்சியில் கண்டிருந்தார். ராக்காலைக் கண்டதும் அந்த மகன் இவரே என்று அறிந்துகொண்டார். ராக்காலும் இளைஞர் என்பதையே மறந்து, சிறு குழந்தையைப் போல் குருதேவரின் அருகில் வாழ்ந்தார். தாயை இழந்த பிள்ளைக்கு மீண்டும் ஒரு தாய் கிடைத்தாள் என்றே சொல்ல வேண்டும்.

அங்கே அன்பு இருந்ததுபோலவே பயிற்சியும் இருந்தது. இரவில் உடன் தங்கும் இளைஞர்களைக் குருதேவர் எழுப்பித் தியானத்தில் அமரச் செய்வது வழக்கம். ஒருநாள் ராக்கால் தியானத்திற்கு அமர்ந்தார். மனம் சிறிதும் அடங்கவில்லை. எவ்வளவு முயன்றும் பயனில்லாமற்போகவே, தம் மீதே வெறுப்புற்று ஆசனத்தை விட்டு எழுந்துவிட்டார். அவரது வாடிய முகத்தைக் கண்ட குருதேவர் காரணத்தைக் கேட்டறிந்தார். மனத்தோடு இன்னும் கடுமையாகப் போரிடும்படி அவர் சொல்லவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி, ராக்காலின் நாவில் தமது விரலால் ஏதோ எழுதினார். அந்தக் கணமே ராக்காலின் நெஞ்சிலிருந்த சுமை இறங்கியது.

மகான்களின் பிள்ளைக்கும் வறண்ட நாள் உண்டு என்பதே நமக்கு ஓர் ஆறுதல். அத்தகைய நாளில் தன்னைத்தானே நொந்துகொள்வது சாதனையாகாது. குருவின் அல்லது இறைவனின் முன் குழந்தையைப் போல் நின்று வாட்டத்தைச் சொல்லிவிடுவதே அந்த நாளுக்குரிய சாதனை.

1884-இல் ராக்காலின் உடல்நலம் குன்றியிருந்தபோது, பக்தர் பலராம் போஸுடன் அவர் பிருந்தாவனத்திற்குச் சென்றார். இடமாற்றம் உடலுக்கு நலம் தரும் என்ற எண்ணத்துடன் குருதேவரும் விடைகொடுத்தார். அங்கும் அவர் நோயுற்றார் என்ற செய்தி வந்ததும் குருதேவர் கலங்கி அன்னையிடம் வேண்டிக்கொண்டார். உடல் ஒரு பொருட்டல்ல என்று கூறியிருக்கத் தக்க ஞானி, சீடனின் உடலுக்காக அழுதார். இறைவனை நாடும் பயணத்திற்கு உடலே ஊர்தி என்பதை ராக்கால் அங்கேயே கற்றார்.

பிருந்தாவனத் தவம்

1886 ஆகஸ்டு 16 அன்று ஸ்ரீராமகிருஷ்ணர் மகாசமாதி அடைந்தார். வராகநகரின் பாழடைந்த வீட்டில் இளம் சீடர்கள் கூடி முதல் மடத்தை அமைத்தனர். ராக்கால் சுவாமி பிரம்மானந்தர் ஆனார். சில காலத்திற்குப் பின் சகோதரத் துறவியான சுபோதானந்தருடன் வடநாட்டுத் தலங்களுக்குப் புறப்பட்டார். நர்மதைக் கரையிலுள்ள ஓங்காரநாதத்தில் ஆறு நாட்கள் புறவுணர்வின்றி இருந்தார் என்று அவரது வரலாறு கூறுகிறது.

பின்னர் பிருந்தாவனத்தில் அவர் மேற்கொண்ட தவம் மிகக் கடுமையானது. சுபோதானந்தர் பிச்சையேற்றுக் கொண்டுவரும் உணவைச் சிறிதளவு உண்பார். பேச்சு அரிது. நாளின் பெரும்பகுதி ஜபத்திலும் தியானத்திலும் கழிந்தது. ஒருமுறை அன்பர் ஒருவர் நல்ல கம்பளி ஒன்றை அவர் அருகில் வைத்துவிட்டுச் சென்றார். சற்று நேரத்தில் திருடன் ஒருவன் வந்து அதை எடுத்துச் சென்றான். வந்ததையும் சென்றதையும் மகராஜ் ஒரே அமைதியுடன் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்நாளில் பிருந்தாவனத்தில் வாழ்ந்த விஜயகிருஷ்ண கோஸ்வாமி, தட்சிணேசுவரத்தில் இவரை முன்பே அறிந்தவர். குருதேவரே அனைத்தையும் அளித்திருக்கும்போது இத்தனை கடுந்தவம் எதற்கு என்று அவர் வியந்து கேட்டார். குருவின் அருளால் பெற்றவற்றைத் தமது சொந்த உடைமையாக நிலைநிறுத்திக்கொள்ளவே முயல்வதாக மகராஜ் பணிவுடன் பதிலளித்தார்.

இந்தப் பதிலை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். எதையோ சாதித்துக் காட்டும் வேகம் அதில் இல்லை; தந்தை விட்டுச்சென்ற நிலத்தை உழுது பயிரிடும் மகனின் பொறுப்புணர்ச்சியே இருக்கிறது. அந்தத் தவத்திற்கு முன்னால் குருவின் அருகில் பல ஆண்டுப் பயிற்சியும் இருந்தது. அடித்தளத்தைப் பாராமல் கோபுரத்தை மட்டும் பார்த்து, பிருந்தாவனத்து மகராஜைப் போல் நாளையே ஆகிவிட எண்ணுபவர் தம் உடலுக்கும் மனத்திற்கும் தீங்கு செய்துகொள்வார்.

கங்கைக் கரையில் காலை மணி

ஹவுரா ரயில் நிலையத்திலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தொலைவில், கங்கையின் மேற்குக் கரையில் இருக்கிறது பேலூர். 1898-இல் அங்கே நிலம் வாங்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் 9 அன்று சுவாமி விவேகானந்தர் குருதேவரின் திருவுருவைப் பிரதிஷ்டை செய்தார். 1901 பிப்ரவரியில் பிரம்மானந்தர் மடத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு ராஜ்யத்தையே ஆளத்தக்க அறிவு ராக்காலுக்கு உண்டு என்று குருதேவர் முன்பே கூறியிருந்ததால், சுவாமிஜி அவரை ராஜா என்றே அழைத்துவந்தார்.

சுவாமிஜி மடத்தில் தியான ஒழுங்கைக் கண்டிப்பாக நடத்தினார். விடியுமுன் மணி ஒலிக்கும். எல்லோரும் பூஜையறைக்கு வர வேண்டும். காரணமின்றி வராதவர்கள் அன்று மடத்தில் உண்ணாமல் வெளியே பிச்சையேற்க வேண்டும் என்ற விதிக்கு மூத்த துறவிகளும் விலக்கல்லர்.

அதே மடத்தில் வேறொரு காட்சியும் உண்டு. சுவாமிஜி ஆடு, வாத்து முதலிய பிராணிகளை வளர்த்தார். பிரம்மானந்தரோ பூஞ்செடிகளையும் காய்கறிகளையும் குழந்தைகளைப் போல் பேணினார். பிராணிகள் எல்லை தாண்டித் தோட்டத்தில் புகுந்துவிட்டால் இருவருக்கும் வழக்குத் தொடங்கும். யாருடைய எல்லை எதுவரை என்று இரு பிரம்மஞானிகளும் சிறுவர்களைப் போல் வாதாடுவதைக் கண்டு மற்ற துறவிகள் மகிழ்ந்தனர்.

காலை மணியும் தோட்டத்து வழக்கும் ஒரே இடத்தில், ஒரே மனிதர்களிடம் இருந்தன. அவர்களின் ஓய்வு கட்டுப்பாட்டைக் குலைக்கவில்லை. அவர்களின் கட்டுப்பாடு மகிழ்ச்சியை வற்றச் செய்யவில்லை.

1902 ஜூலை 4 அன்று சுவாமிஜி மறைந்தபின் சங்கத்தின் முழுப் பாரமும் மகராஜின் தோள்களில் இறங்கியது. கிளை மடங்கள் பெருகின. வெள்ளம், பஞ்சம், நோய் என்று நிவாரணப் பணிகள் தொடர்ந்தன. இத்தனைக்கும் நடுவில் அவர் இசை கேட்டார்; குழந்தைகளுடன் விளையாடினார்; சென்ற இடங்களிலெல்லாம் செடிகளைத் தேடினார். ஆனால் அதிகாலையில் அவரைச் சூழ்ந்து இளம் துறவிகள் தியானத்தில் அமரும்போது, அங்கே நிலவிய அமைதி பிறர் மனங்களையும் உள்ளிழுத்துக்கொண்டது.

மகராஜ் காட்டிய வழி

சாதகர்களுக்கு அவர் அளித்த அறிவுரைகள் மிக நடைமுறையானவை. முதலாவது, நேரம் தவறாமை. மனம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், பகலும் இரவும் சந்திக்கும் காலை மாலை வேளைகளில் குறித்த நேரத்தில் அமர வேண்டும். இரண்டாவது, படிப்படியான வளர்ச்சி. திடீரென்று அளவை உயர்த்தினால் மனம் எதிர்த்துத் திரும்பி, முன்பிருந்த நிலையையும் இழக்க நேரிடும். ஆகவே சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். மூன்றாவது, மிதமான உணவு, குறிப்பாக இரவில். நான்காவது, தியானம் முடிந்ததும் உடனே எழுந்து வேலைக்கு ஓடாமல், சற்று நேரம் அந்த அமைதியிலேயே இருப்பது. விதைத்தவன் மறுகணமே மண்ணைக் கிளறுவதில்லை. தியானத்திற்குப் பின்வரும் அந்த ஓய்வும் தியானத்தின் பகுதியே.

பணிக்கும் இதே அளவுகோலைத்தான் அவர் வைத்தார். ஜப தியானமின்றிப் பணியில் மட்டும் மூழ்கினால் அகங்காரம் வளரும். பணியை உதறிவிட்டுத் தவம் செய்யப் புறப்படுபவர் பலர் சோம்பலில் முடிவர். பணியும் வழிபாடும் இணைந்தே செல்ல வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

வார்த்தையோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 1919-இல் புவனேசுவரத்தில் ஒரு மடம் அமைத்தார். பணிகளால் களைத்த துறவிகள் நல்ல காற்றும் நீரும் உள்ள இடத்தில் உடலைத் தேற்றிக்கொண்டு, அமைதியாகச் சாதனையில் ஈடுபட வேண்டும் என்பதே அவரது எண்ணம். அங்கே உடலுக்கு ஓய்வு கிடைத்தது. அந்த ஓய்வும் இறைநினைவிலேயே கழிந்தது.

தமிழகம் அளித்த காணிக்கை

1908-இல் மகராஜ் முதன்முறையாகச் சென்னைக்கு வந்தார். சுவாமி ராமகிருஷ்ணானந்தர் அவரைக் குருதேவராகவே கருதி உபசரித்தார். இராமேசுவரத்தையும் மதுரையையும் தரிசித்தபோது, மீனாட்சியம்மன் சன்னதியில் மகராஜ் பரவச நிலை எய்தினார். தென்னகத்தில் கேட்ட ராமநாம சங்கீர்த்தனம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதை வடக்கே கொண்டுசென்று, ஏகாதசி நாட்களில் மடங்களில் பாடச் செய்தார். அமர்ந்து தியானிக்க இயலாத களைப்பிலும் நாமத்தைப் பாட இயலும். சேர்ந்து பாடும்போது களைப்பே நீங்கிவிடுவதும் உண்டு. 1916-இல் மீண்டும் வந்து சென்னை மடத்தின் புதிய கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார். 1921-இல் மூன்றாம் முறையாக வந்தபோது மயிலாப்பூர் மாணவர் இல்லத்தின் கட்டடத்தைத் திறந்துவைத்தார்.

மறு ஆண்டு, கல்கத்தாவில் பலராம் போஸின் இல்லத்தில் தங்கியிருந்தபோது அவர் நோய்வாய்ப்பட்டார். 1922 ஏப்ரல் 10 அன்று மகாசமாதி அடைந்தார். பேலூர் மடத்தில் கங்கைக் கரையில் அவரது திருமேனி எரியூட்டப்பட்ட இடத்தில் இன்று அவருக்கு ஓர் ஆலயம் இருக்கிறது.

அதிகம் உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும், அதிகம் உறங்குபவனுக்கும் உறங்காதே விழித்திருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவான் போதிக்கிறார். அந்த நடுவழி வெறும் சமரசமல்ல என்பதை மகராஜின் வாழ்க்கை விளக்குகிறது. நேரத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை, அளவில் அவசரப்படவில்லை, மகிழ்ச்சியைக் குற்றமாக எண்ணவில்லை.

நாமும் ஒன்று செய்யலாம். தளர்ந்த நாளிலும் தவறாமல் நிறைவேற்றத்தக்க ஒரு சிறிய அளவைத் தேர்ந்தெடுத்து, இறைவனின் திருமுன் அதை உறுதி செய்துகொள்வோம். நோயுற்ற நாளில் படுக்கையிலிருந்தே அதை நிறைவேற்றுவோம். அதற்குப் பின் எடுக்கும் ஓய்வை அவன் அளித்த பிரசாதமாக ஏற்போம். அவ்வாறு வாழ்பவருக்கு, காலை மணி ஒலிக்கும்போது எழுவதும், இரவில் கண்ணயர்வதும் ஒரே வழிபாட்டின் இரு மலர்களாகும்.