ஓசோனை அளந்த அறிஞர் இராமநாதன்

கண்ணுக்குப் புலனாகாது விண்ணிலே நின்று, கதிரவனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காப்பது ஓசோன் என்னும் வாயு. அதனை அளப்பதில் பல்லாண்டு உழைத்த கல்பாத்தி இராமகிருஷ்ண இராமநாதனின் சரிதம் மாணாக்கர் அறியத்தக்கது.

இவர் 1893ஆம் ஆண்டு பெப்ருவரி 28ஆம் நாள், அந்நாளிற் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பாலக்காட்டுக் கல்பாத்தியிலே தோன்றினார். பாலக்காட்டு விக்டோரியாக் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, திருவனந்தபுரத்தில் பௌதிகம் கற்பித்தார். 1921இல் கல்கத்தா சென்று, பேராசிரியர் சி. வி. இராமனுடன் ஒளிச்சிதறலை ஆராய்ந்தார். பின்னர் இரங்கூனில் ஆசிரியராயிருந்து, 1925இல் இந்திய வானிலைத் துறையிற் சேர்ந்தார்.

1948இல் அத்துறையினின்று ஓய்வு பெற்றும் இவர் ஓய்ந்திருந்தாரல்லர். அகமதாபாத்துப் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் இயக்குநராய் அமர்ந்து, தாப்ஸன் கருவிகொண்டு ஓசோனை அளப்பதில் ஊக்கம் செலுத்தினார். வானத்து ஓசோன் முழுவதையும் கடல்மட்டத்து அழுத்தத்திற் சேர்ப்பின் அதன் கனம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டரே. அத்துணை மெல்லிய காப்பினை அளக்கும் பணிக்கெனச் சர்வதேச ஓசோன் ஆணையத்துக்கும் தலைமை தாங்கினார். 1976இல் பத்ம விபூஷண் விருது பெற்றார்.

அந்நாளில் ஆலைகளிலே உலோகத்தின் பிசுக்கைப் போக்கவும் துணிகளை வெளுக்கவும் கார்பன் டெட்ராகுளோரைடு முதலிய கரைப்பான்கள் பயன்பட்டன. மின்னணுப் பலகைகளைத் துடைக்கக் குளோரோபுளோரோகார்பன் உதவிற்று. இவற்றின் ஆவி மேலேறிப் புற ஊதாக் கதிராற் சிதைந்து குளோரின் அணுவை விடுக்கும். ஓரணுவே ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கவல்லது. இவ்வபாயத்தை மொலினா, ரோலண்டு என்னும் இருவர் 1974இல் எடுத்துரைத்தனர்.

தாம்பரத்தில் ஏற்றுமதித் தொழில் வளாகம் தோன்றிய 1984ஆம் ஆண்டின் இறுதி நாளில் இராமநாதன் மறைந்தார். அடுத்த ஆண்டே அண்டார்க்டிகாவின்மேல் ஓசோன் பெரிதும் குறைந்துள்ள செய்தி வெளியாயிற்று. ஆங்கும் தாப்ஸன் கருவியாற் பல்லாண்டு குறித்துவந்த அளவுகளே அவ்வுண்மையைக் காட்டின. முன்னைய அளவு தெரியாவிடில் குறைவு எங்ஙனம் விளங்கும்?

1987இல் மாண்ட்ரியலில் உடன்படிக்கை எழுந்தது. 1990இல் கார்பன் டெட்ராகுளோரைடும் அதன் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. இந்தியா 1992இல் அதில் இணைந்து, 2000இல் விதிகள் வகுத்தது. மேட்டூர் ஆலையிலும் உற்பத்தியாகி வந்த அக்கரைப்பான், பிற இரசாயனங்களுக்கு மூலப்பொருளாவது தவிர்ந்த பெரும்பாலான பயன்களினின்று 2010இல் விலக்கப்பட்டது. ஆலைகள் பல மாற்றுப் பொருள்களைக் கைக்கொண்டன.

இவ்வெற்றியை இராமநாதன் கண்டிலர். ஆயினும், சட்டம் இயற்றுவோர்க்கு முன்னே அளந்தறிவோர் வேண்டும். பயன் உடனே தோன்றாத ஆராய்ச்சியை வீண் என்று இகழ்வோர்க்கு இவர் வாழ்க்கையே விடையாம்.