பகைவருக்கு ஒரு ஜோடிச் செருப்பு



திருத்தணி மலைக்குப் போயிருக்கிறீர்களா? 365 படிகள் ஏறினால் முருகப்பெருமானின் சந்நிதி வந்துவிடும். போர் முடித்து வந்த முருகனின் சினம் தணிந்த இடம் இது. அதனால்தான் தணிகை என்று பெயர் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கோபம் எல்லோருக்கும் வரும். அதைத் தணித்துக் கொள்வதுதான் கடினம். அதிலும், நாம் நம்பியவரே நமக்குத் துரோகம் செய்துவிட்டால்?

இந்தத் திருத்தணியில் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி பிறந்தவர் டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவருடைய பிறந்தநாளைத்தான் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். காந்தியடிகளின் 70-ஆவது பிறந்தநாளையொட்டி 1939-ல் அவர் ஒரு நூலைத் தொகுத்தார். பல நாட்டு அறிஞர்களிடமும் தலைவர்களிடமும் காந்தியடிகளைப் பற்றிக் கட்டுரைகள் கேட்டு வாங்கி அதில் சேர்த்தார்.

கட்டுரை எழுதியவர்களில் ஒருவர் தளபதி ஸ்மட்ஸ். அவர் யார் தெரியுமா? தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளைச் சிறையில் அடைத்த அரசின் அமைச்சர்! அவர் தம் கட்டுரையில் ஒரு ஜோடிச் செருப்பைப் பற்றி எழுதியிருந்தார். அந்தச் செருப்பின் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அப்பா கிழித்த கடிதம்

மோகன்தாஸ் காந்தி 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி குஜராத்தில் போர்பந்தரில் பிறந்தார். அவருக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, அண்ணனுக்கு 25 ரூபாய் கடன் ஏற்பட்டுவிட்டது. அதை அடைக்க, அண்ணனின் கைக்காப்பிலிருந்து ஒரு துண்டுத் தங்கத்தை மோகன்தாஸ் வெட்டி எடுத்தார். கடன் தீர்ந்தது. மனம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி, தண்டனையும் கேட்டு, நோயில் படுத்திருந்த அப்பாவிடம் நீட்டினார். அப்பா எழுந்து உட்கார்ந்து படித்தார். அடிப்பார், திட்டுவார் என்று மகன் நடுங்கிக் கொண்டிருந்தான். அப்பாவின் கண்களிலிருந்து நீர்தான் வழிந்தது. சற்று நேரம் கண்களை மூடியிருந்தார். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார். பிரம்படி கற்றுக் கொடுக்காத பாடத்தை அந்தக் கண்ணீர் கற்றுக் கொடுத்தது. மன்னிப்பு எப்படிப்பட்டது என்பதை, மன்னிக்கப்பட்டவராக இருந்து காந்தி முதலில் தெரிந்து கொண்டார்.

நெஞ்சில் பதிந்த மலைப் பிரசங்கம்

1888-ல் சட்டம் படிக்க லண்டன் சென்றார். அங்கே ஒரு நண்பரின் வேண்டுகோளுக்காகப் பைபிளைப் படிக்கத் தொடங்கினார். தொடக்கப் பகுதிகளைப் படிக்கும்போது தூக்கம் வந்ததாம்! ஆனால் இயேசுநாதர் மலைமீது செய்த பிரசங்கம் நேராக நெஞ்சுக்குள் போய்ப் பதிந்தது. தீமை செய்பவருக்குத் தீமை செய்யாதே, பகைவரிடமும் அன்பு காட்டு என்பதே அதன் சாரம்.

இயேசு இதைப் பேச்சோடு நிறுத்தவில்லை. உடன் உண்டு, உடன் நடந்த சீடனான யூதாஸ் முப்பது வெள்ளிக்காசுக்கு அவரைக் காட்டிக் கொடுத்தான். நெருங்கிய சீடரான பேதுருவோ, அவரை யாரென்றே தெரியாது என்று மூன்று முறை மறுத்துவிட்டார். அப்படியும் இயேசு சிலுவையில் தொங்கியபடி தம்மைக் கொல்பவர்களுக்காக வேண்டிக் கொண்டார். உயிர்த்தெழுந்த பிறகு பேதுருவைத் தள்ளி வைக்கவில்லை. தம்மிடம் அன்பு இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டு, தம்மைப் பின்பற்றுவோரைக் காக்கும் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்தார் என்று பைபிள் கூறுகிறது.

காந்தி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். ஆனாலும் நல்ல பாடம் எந்த மதத்தில் இருந்தாலும் அவர் எடுத்துக் கொண்டார். அந்தப் பாடத்துக்கு ஒரு கடுமையான தேர்வும் காத்திருந்தது.

எட்டு வயதுக் குழந்தைக்கும் கைரேகை

1893-ல் ஒரு வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தி, அங்கே இந்தியர்களுக்காகப் போராடத் தொடங்கினார். கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் உழைத்த தமிழர்கள் அங்கே ஏராளம்.

1906-ல் டிரான்ஸ்வால் பகுதி அரசு ஒரு சட்டம் கொண்டுவர முனைந்தது. அதன் முன்வரைவின்படி எட்டு வயது நிறைந்த இந்தியக் குழந்தைகூடத் தன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். கைரேகை வைக்க வேண்டும். உங்களில் பலருக்கும் அந்த வயதுதானே! குற்றவாளிகளைப் போல நடத்தும் இந்தச் சட்டத்தை எதிர்த்து இந்தியர்கள் திரண்டார்கள். 1908 ஜனவரியில் காந்திக்கு இரண்டு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

சிறையிலிருந்த அவரை அழைத்து ஸ்மட்ஸ் பேச்சு நடத்தினார். இந்தியர்கள் தாங்களாகவே முன்வந்து பதிவு செய்து கொண்டால் சட்டம் நீக்கப்படும் என்று காந்தி புரிந்து கொண்டார். நம்பினார். விடுதலையானார்.

ஆனால் இந்தியர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. பதினைந்தாயிரம் பவுன் வாங்கிக்கொண்டு காந்தி நம்மை விற்றுவிட்டார் என்று வதந்தி பரவியது. யாருக்காகச் சிறை சென்றாரோ அவர்களில் சிலரே அவரைத் துரோகி என்றார்கள்.

தடியடியும் அன்பு இல்லமும்

1908 பிப்ரவரி 10, காலை நேரம். முதல் ஆளாகப் பதிவு செய்து கொள்வதற்காக ஜோகன்னஸ்பர்க் நகரத் தெருவில் காந்தி நடந்து போனார். மீர் ஆலம் என்ற பட்டாணியர் எதிர்ப்பட்டார். வைக்கோலும் தேங்காய் நாரும் அடைத்து மெத்தை செய்து விற்பவர், ஆறடி உயரம். அவர் புதியவர் அல்லர். காந்தியின் அலுவலகத்துக்கு அடிக்கடி வந்து யோசனை கேட்டவர்தான். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். காந்தி பதில் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து தலையில் தடியடி விழுந்தது. கடவுளின் பெயரைச் சொல்லியபடி காந்தி சாய்ந்தார். கீழே விழுந்தவரையும் அடித்தார்கள். தடுக்கப் பாய்ந்த தம்பி நாயுடு என்ற தமிழருக்கும் அடி விழுந்தது.

செய்தி கேட்டு ஜோசப் டோக் என்ற கிறிஸ்தவப் போதகர் ஓடி வந்தார். தம் வீட்டுக்குத் தூக்கிச் சென்று மகனின் அறையில் படுக்க வைத்தார். வெள்ளையர்களில் பலர் இந்தியர்களை வெறுத்த காலம் அது. தம் சபையாரே தம்மீது கோபம் கொள்ளக்கூடும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் தயங்கவில்லை. அவர் மனைவியும் பிள்ளைகளும் இரவு பகலாகக் கவனித்துக் கொண்டார்கள். காயத்துக்குத் தையல் போட்டிருந்ததால் காந்தியால் பேச முடியவில்லை. தமக்குப் பிடித்த ஒரு கிறிஸ்தவப் பாடலைப் பாடும்படி எழுதிக் கேட்டார். டோக்கின் சின்ன மகள் ஆலிவ் கதவோரம் நின்று மெல்லப் பாடினாள்.

படுக்கையிலிருந்த காந்தி செய்த வேலை என்ன தெரியுமா? தம்மை அடித்தவர்கள்மீது வழக்கு வேண்டாம் என்று அரசுக்குத் தந்தி கொடுத்ததுதான்! அவர்கள் தவறாகப் புரிந்து கொண்டார்கள், அவ்வளவுதான் என்றார். அடித்தவர்கள் முஸ்லிம்கள் என்பதற்காக இந்துக்கள் யாரும் அவர்கள்மீது கோபம் கொள்ளக் கூடாது என்றும் எழுதினார். தெருவில் நடந்த குற்றம் என்பதால் அரசு அவர்களைத் தண்டித்தது. காந்தி சாட்சி சொல்லப் போகவில்லை.

திரும்பி வந்த மீர் ஆலம்

சில மாதங்கள் சென்றன. இந்தியர்கள் பதிவு செய்து கொண்டார்கள். ஆனால் சட்டம் நீங்கவில்லை. அப்படி வாக்குறுதி தரவே இல்லை என்று ஸ்மட்ஸ் சாதித்தார். இப்போது காந்தியே ஏமாற்றப்பட்டவர் ஆனார்.

அவர் என்ன செய்தார்? போராட்டத்தை மீண்டும் தொடங்கினார். 1908 ஆகஸ்ட் 16 அன்று ஒரு மசூதியின் முன் மக்கள் கூடினார்கள். ஒரு பெரிய கொப்பரையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்கள் கொளுத்தப்பட்டன. அந்தக் கூட்டத்திலிருந்து ஓர் உயரமான மனிதர் எழுந்து வந்தார். மீர் ஆலம்! காந்தியை அடித்தது தவறு என்று எல்லோர் முன்னிலும் சொல்லி, தம் சான்றிதழையும் எரிக்கக் கொடுத்தார். காந்தி அவர் கையைப் பற்றி மகிழ்ச்சியோடு அழுத்தினார். தம் மனதில் ஒருபோதும் வெறுப்பு இருந்ததில்லை என்றார்.

சிறையில் தைத்த செருப்பு

போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. போராளிகளின் குடும்பங்கள் தங்க 1910-ல் ஒரு பண்ணை உருவானது. ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. டால்ஸ்டாய் எழுதிய ஒரு கடிதத்தை காந்தி குஜராத்தியில் மொழிபெயர்த்திருந்தார். அந்தக் கடிதத்தில் நம் திருக்குறளின் கருத்துகளும் இருந்தன என்பது உங்களுக்குப் பெருமையான செய்தி!

காந்தியின் நண்பர் காலன்பாக், ஒரு கிறிஸ்தவத் துறவியர் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடமிருந்து காந்தி கற்றுக் கொண்டார். 1913-ல் மீண்டும் சிறை. சிறையிலே ஒரு ஜோடிச் செருப்பை அழகாகத் தைத்தார். யாருக்காக? தம்மைச் சிறையில் அடைத்த ஸ்மட்ஸுக்காக!

1914 ஜனவரியில் வெள்ளைக்கார ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு திணறியது. காந்தியும் அப்போது ஊர்வலம் தொடங்கினால் அரசு பணிந்திருக்கும். ஆனால் எதிராளி இக்கட்டில் இருக்கும்போது தாக்குவது முறையல்ல என்று ஊர்வலத்தைத் தள்ளி வைத்தார். ஸ்மட்ஸின் மனம் இளகத் தொடங்கியது. சிறைக்குச் சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை, விடுதலையான சில நாட்களில் உயிர் நீத்ததும் அதே ஆண்டு பிப்ரவரியில்தான், வயது பதினாறு. 1914-ன் நடுவில் உடன்பாடு ஏற்பட்டது. ஏழைத் தொழிலாளர்களை வாட்டிய மூன்று பவுன் வரி நீங்கியது. இந்தியர்களின் திருமணங்கள் சட்டப்படி ஏற்கப்பட்டன.

ஜூலையில் காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார். அந்தச் செருப்பு ஸ்மட்ஸின் கைக்குப் போயிற்று. பல கோடைக்காலங்களில் அவர் அதை அணிந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, ராதாகிருஷ்ணன் கேட்ட கட்டுரையில் அதைக் குறிப்பிட்டு, அவ்வளவு பெரிய மனிதர் தந்த காலணியில் நிற்கத் தமக்குத் தகுதி இல்லை என்று மனம் திறந்து எழுதினார்.

1948 ஜனவரி 30-ஆம் தேதி காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவருக்குத் தூக்குத் தண்டனை வேண்டாம் என்று கேட்டவர்கள் யார் தெரியுமா? காந்தியடிகளின் மகன்களான மணிலாலும் ராமதாஸும்! அரசு அதை ஏற்கவில்லை. ஆனால் தந்தையின் பாடத்தைப் பிள்ளைகள் மறக்கவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

குழந்தைகளே, மன்னிப்பது என்றால் அநியாயத்துக்குத் தலையாட்டுவது என்று எண்ணிவிடாதீர்கள். காந்தியடிகள் ஸ்மட்ஸை வெறுக்கவில்லை. ஆனால் அவர் போட்ட சட்டத்தை எட்டு ஆண்டுகள் எதிர்த்தார். உங்களை யாராவது அடித்தாலோ, தவறாக நடந்தாலோ மறைக்காதீர்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ உடனே சொல்லுங்கள். அப்படிச் சொல்வது மன்னிப்புக்கு எதிரானது ஆகாது.

நீங்கள் நம்பிச் சொன்ன ரகசியத்தை உங்கள் தோழி வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாளா? செய்யாத தவறுக்கு உங்கள் நண்பன் உங்களை மாட்டி விட்டானா? செய்தது தவறு என்று நேருக்கு நேர் சொல்லுங்கள். பழிவாங்க மட்டும் நினைக்காதீர்கள். அவர்கள் திரும்பி வந்தால் மீர் ஆலத்தின் கையைப் பற்றியதுபோல் பற்றிக் கொள்ளுங்கள். இன்றே முடியாவிட்டால் பரவாயில்லை. செருப்பைக்கூட ஒரே தையலில் தைத்துவிட முடியாதே!

அடுத்த முறை தணிகை மலைப் படிகளில் ஏறும்போது, யார்மீது உங்களுக்குக் கோபம் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். இறங்கும்போது அதில் கொஞ்சமாவது குறைந்திருக்கட்டும்.