கிருமியை வடிகட்டியவர்: மைக்ரோபயாலஜிக்கும் மாலிகுலர் பயாலஜிக்கும் என்ன வித்தியாசம்?

தேவாரத்திலிருந்து மதுரைக்கோ கோவைக்கோ கல்லூரி தேடிப் போகும் பிளஸ் டூ மாணவருக்கு மைக்ரோபயாலஜி, மாலிகுலர் பயாலஜி இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். ரெண்டிலும் லேப், ரெண்டிலும் பாக்டீரியா. அப்புறம் என்ன வித்தியாசம்? கொல்கத்தா மருத்துவர் சம்புநாத் டேயின் வாழ்க்கையைப் பார்த்தால் அது எளிதாகப் புரியும்.

யார் இவர்?

1915 பிப்ரவரி 1 அன்று வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தார். 1939-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். லண்டனில் ஆய்வு செய்து 1949-ல் முனைவர் பட்டம் பெற்ற கையோடு ஊர் திரும்பினார். அவர் கையில் எடுத்தது, வங்கத்தை விடாமல் வாட்டிய காலராவை.

காலராவுக்கு எந்தக் கிருமி காரணம் என்பது அப்போதே தெரியும். 1884-ல் ராபர்ட் காக் அதே கொல்கத்தாவில் அதை உறுதி செய்திருந்தார். எந்தக் கிருமி, எங்கே வாழ்கிறது, எப்படிப் பரவுகிறது, எதில் சாகிறது? இவை நுண்ணுயிரியலின், அதாவது மைக்ரோபயாலஜியின் கேள்விகள்.

ஆனால் ஒரு புதிர் மிச்சமிருந்தது. ரத்தத்துக்குள் போகாமல் குடலிலேயே தங்கும் இந்தக் கிருமி, சில மணி நேரத்தில் ஓர் ஆளை எப்படி வற்றவைக்கிறது?

முயல் குடலில் சோதனை

1953-ல் டேயும் அவரது சகாவும் முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனையிலும் கட்டி, உள்ளே காலரா கிருமியைச் செலுத்தினார்கள். அந்தப் பகுதி நீர் கோத்து உப்பியது. அடுத்து, கிருமி வளர்ந்த திரவத்திலிருந்து கிருமிகளை முழுக்க வடிகட்டிவிட்டு, தெளிந்த நீரை மட்டும் செலுத்திப் பார்த்தார் டே. அப்போதும் குடல் உப்பியது! கிருமி சுரக்கும் நச்சுதான் குற்றவாளி. இது 1959-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது.

வித்தியாசம் இங்கேதான். வடிகட்டிய நீரில் உயிர் எதுவும் இல்லை. மூலக்கூறு மட்டுமே இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது, எந்த மரபணு அதைத் தயாரிக்கிறது என்று கேட்பது மாலிகுலர் பயாலஜி. டே நோய்க்குறியியல் மருத்துவர். மூலக்கூறு வேலையைப் பின்னால் வந்தவர்கள் செய்தார்கள். 1969-ல் அந்த நச்சு தூய நிலையில் பிரிக்கப்பட்டது. அது ஒரு புரதம். அதன் ஒரு பகுதி குடல் செல்லைப் பிடித்துக்கொள்ள, இன்னொரு பகுதி உள்ளே போய் உப்பும் நீரும் வெளியேறும் குழாயைத் திறந்துவிடுகிறது. 1996-ல் இன்னொரு வியப்பு: நச்சுக்கான மரபணுவே, பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்தது.

குடல் சிதையவில்லை, நீர்தான் போகிறது. இந்தப் புரிதல், உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்து உயிரைக் காப்பாற்றும் சிகிச்சைக்கு வலு சேர்த்தது.

தாமதமான அங்கீகாரம்

டே 1973-ல் சத்தமில்லாமல் ஓய்வு பெற்றார். 1978-ல் நோபல் அறக்கட்டளை தன் காலரா கருத்தரங்குக்கு அழைத்த பிறகே பலர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். 1985 ஏப்ரல் 15 அன்று காலமானார்.

எதைப் படிப்பது?

நம் மலைச்சரிவு ஏலத்தோட்டத்திலும் இதே இரண்டு கேள்விகள் உண்டு. கட்டே நோய்க்கு வைரஸ் காரணம், அசுவினி பூச்சி அதைப் பரப்புகிறது என்று கண்டறிவது முதல் துறை. அந்த வைரஸின் எந்த மரபணு செடியைக் கெடுக்கிறது, எதிர்த்து நிற்கும் செடியில் என்ன இருக்கிறது என்று தேடுவது இரண்டாவது. இதில் எந்தக் கேள்வி உங்களை இழுக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் விண்ணப்பத்தை நிரப்புங்கள்.