மூன்று முறை தட்டப்பட்ட கதவு



எங்கள் அண்ணாகிராமத்தில் இருந்து பண்ருட்டி போய், விழுப்புரம் வழியாக பஸ் ஏறினால், சுமார் இரண்டு மணி நேரத்தில் திண்டிவனம் வந்துவிடும். முன்பு கடலூர், சிதம்பரம், பண்ருட்டி, திண்டிவனம் எல்லாமே தென்னாற்காடு என்ற ஒரே மாவட்டம்தான். உங்கள் தாத்தா, பாட்டியைக் கேட்டால் சொல்வார்கள். அந்தத் திண்டிவனத்தில், நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு ராத்திரி நடந்த சம்பவத்தால்தான் வேலூரில் ஒரு பெரிய மருத்துவக் கல்லூரி உருவாயிற்று என்றால் நம்புவீர்களா? அந்த ராத்திரி கண் விழித்திருந்த பெண்தான் ஐடா ஸ்கடர்.

ஐடா, 1870ம் ஆண்டு டிசம்பர் 9ம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கர்கள். தாத்தா ஜான் ஸ்கடர், அமெரிக்காவில் இருந்து கப்பலேறி முதலில் இலங்கைக்கும், பிறகு நம் தமிழகத்துக்கும் வந்து வைத்தியம் பார்த்தவர். அப்பாவும் டாக்டர்தான். ஐந்து அண்ணன்களுக்குப் பிறகு பிறந்த ஒரே தங்கை ஐடா. செல்லத்துக்குக் கேட்கவா வேண்டும்?

ஆனால், அவர் சிறுமியாக இருந்த 1876 முதல் 1878 வரை இங்கே கொடிய பஞ்சம் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பசியால் எழுந்து நடக்கக்கூட முடியாத பிள்ளைகளுக்கு, குட்டி ஐடா ரொட்டியைப் பிட்டுப் பிட்டு ஊட்டினார். அந்தக் காட்சி அவர் மனதில் பயமாகவே தங்கிவிட்டது. பிறகு குடும்பத்தோடு அமெரிக்கா போனதும், படிப்பு, தோழியர், வேடிக்கை விளையாட்டு என்று நாட்கள் ஓடின. இந்தியாவுக்குத் திரும்பவே கூடாது, டாக்டர் வேலையும் வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இதை மறைக்காமல் சொல்கிறேன். பெரியவர்கள் எல்லாம் பிறக்கும்போதே தொண்டு உள்ளத்தோடு பிறந்தார்கள் என்று எழுதுவது வழக்கம். ஐடா அப்படி இல்லை.

1890ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்தது. கொஞ்ச நாள் கவனித்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில்தான் திண்டிவனம் வந்தார்.

ஒருநாள் இரவு, விளக்கு வெளிச்சத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். வாசலில் யாரோ வந்தார்கள். இளைஞர் ஒருவர். அவருடைய மனைவிக்குப் பிரசவ வலி. குழந்தை பிறக்காமல் துடிக்கிறாள். மருத்துவச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த மனைவி உங்களில் சிலருடைய அக்கா வயதுச் சிறுமி. அந்தக் காலத்தில் அவ்வளவு சின்ன வயதிலேயே கல்யாணம் செய்துவிடுவார்கள்! ஐடா, தன் அப்பாவை அனுப்புவதாகச் சொன்னார். வந்தவர் முகம் வாடிவிட்டது. அந்நிய ஆண் ஒருவர் தங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் பார்ப்பதை அவர்கள் வழக்கம் அனுமதிக்கவில்லை. பெண்ணான ஐடாதான் வர வேண்டும் என்று மன்றாடினார். ஐடாவோ வைத்தியம் ஒன்றும் அறியாதவர். இளைஞர் திரும்பிப் போனார்.

சற்று நேரம் கழித்து இன்னொருவர் வந்தார். அவர் இஸ்லாமியர். அவர் மனைவிக்கும் அதே நிலை. அவரும் ஆண் டாக்டர் வேண்டாம் என்றார். மூன்றாவதாக வேறொரு இந்துக் குடும்பத்தில் இருந்து ஒருவர் வந்தார். அவருக்கும் அதே பதில்தான் தர முடிந்தது.

ஐடா அன்று தூங்கவில்லை. பொழுது விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. விசாரித்து வர ஆள் அனுப்பினார். மூன்று பெண்களுமே இறந்து போயிருந்தார்கள்.

ஒரே ராத்திரியில் மூன்று தாய்மார்கள். அடுத்த அறையில் கைதேர்ந்த டாக்டர் இருந்தும் அவரால் போக முடியவில்லை. அந்த வீட்டு ஆண்களைக் கல் நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் மூவரும் மனைவியைக் காப்பாற்றத்தான் அந்த நேரத்தில் ஓடி வந்தார்கள். வழக்கத்தை மீறும் துணிவுதான் அவர்களுக்கு இல்லை. ஐடா அறைக்குள் போய் வெகுநேரம் யோசித்தார். பிறகு அப்பா, அம்மாவிடம் வந்து, தான் டாக்டருக்குப் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்.

அப்போது இங்கே பெண் டாக்டர்களே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875லேயே நான்கு பெண்கள் சேர்ந்து படித்தார்கள். அவர்களில் ஒருவரான மேரி ஷார்லீப் முயற்சியால், பெண்களுக்கென்றே கோஷா ஆஸ்பத்திரியும் சென்னையில் வந்தது. ஆனால், இடுப்பு வலி கண்ட பெண்ணை மாட்டு வண்டியில் ஏற்றித் திண்டிவனத்தில் இருந்து சென்னைக்குக் கொண்டு போக முடியுமா?

1895ல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த ஐடா, பிறகு நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899ல் பட்டம் பெற்றார். புறப்படும் முன், வேலூரில் மருத்துவமனை கட்டப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. ஒரு பணக்கார வீட்டுக்குப் போய், அங்கிருந்த அம்மாவிடம் திண்டிவனத்துக் கதையைச் சொன்னார். பக்கத்து அறையில் இருந்த ஷெல் என்ற வங்கி முதலாளியின் காதிலும் அது விழுந்தது. மறுநாள் அவர் ஐடாவைக் கூப்பிட்டு, இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10 ஆயிரம் டாலர் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை!

1900ம் ஆண்டு தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்தார். அப்பாவிடம் வேலை பழகலாம் என்று நினைத்திருந்தவருக்கு இடி விழுந்தது. அதே மே மாதம் அப்பா காலமானார். தனி ஆள். அனுபவம் போதாது. நோயாளிகளும் முதலில் வரத் தயங்கினார்கள். வீட்டிலேயே ஒரு கட்டில் போட்டு வைத்தியத்தைத் தொடங்கினார். சமையல்காரரின் மனைவி சலோமிதான் உதவியாள். மெல்ல மெல்லக் கூட்டம் சேர்ந்து, இரண்டு ஆண்டுகளில் 5 ஆயிரம் பேருக்கு மருத்துவம் பார்த்துவிட்டார். 1902ல் 40 படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. பின்னாளில் அதுதான் கண் மருத்துவமனை ஆனது.

வாரம் ஒருநாள் வேலூரை விட்டு வெளியே கிளம்பி, சாலையோர மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, அங்கே காத்திருக்கும் கிராமத்து மக்களுக்கு மருந்து கொடுப்பார். அப்படிப் போகும்போதுதான் ஒரு விஷயம் அவருக்கு உறைத்தது. தான் ஒருத்தியாக எத்தனை ஊருக்குப் போக முடியும்? ஒரு ஊரில் பிரசவம் பார்க்கும்போதே அடுத்த ஊரில் இன்னொரு தாய் தவித்துக்கொண்டு இருப்பாளே? சுத்தமில்லாத கையால் பிரசவம் பார்த்து, துருப்பிடித்த கத்தியால் தொப்புள்கொடி அறுத்ததால் மாண்டுபோன பச்சிளங்குழந்தைகள் அந்நாளில் ஏராளம். தான் டாக்டராக இருப்பதைவிட, ஊர் ஊருக்குப் பெண் டாக்டர்களையும் நர்சுகளையும் உருவாக்குவது முக்கியம் என்று ஐடாவுக்குப் புரிந்தது. 1909ல் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்.

அடுத்து மருத்துவப் பள்ளி. சென்னை மாகாண மருத்துவத் துறைத் தலைவராக இருந்த வெள்ளைக்கார அதிகாரிக்கு இதில் நம்பிக்கையே இல்லை. பெண்கள் யாரும் விண்ணப்பிக்கப் போவதில்லை என்று நினைத்தார். விண்ணப்பங்களோ குவிந்துவிட்டன! பலருக்கு இடமில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. 1918 ஆகஸ்ட் 12ம் தேதி பள்ளி திறக்கப்பட்டது. பெரிய கட்டடம் கிடையாது, போதுமான கருவிகள் கிடையாது, ஆசிரியர்களும் குறைவு. ஐடாவே பாடம் நடத்தினார், அவரே அறுவை சிகிச்சையும் செய்தார்.

முதல் ஆண்டுத் தேர்வு வந்தது. ஆண்கள் படிக்கும் பள்ளிகளிலேயே ஐந்தில் ஒருவர்தான் தேறுவார், அதனால் மனம் தளர வேண்டாம் என்று அந்த அதிகாரி முன்கூட்டியே எச்சரித்திருந்தார். முடிவு வந்தபோது, தேர்வு எழுதிய 14 மாணவியரும் பாஸ்! அதிலும் நான்கு பேர் முதல் வகுப்பு. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எழுந்து கை தட்டத் தோன்றும். ஆசிரியர் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சந்தோஷம் தெரியும்.

ஆசிரியர் பயிற்சி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பயிற்சிப் பள்ளியில் படித்தபோது, எங்களை நேராக வகுப்புக்கு அனுப்பவில்லை. கூடப் படித்தவர்களையே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் போல் உட்கார வைத்து, அவர்களுக்குப் பாடம் நடத்தச் சொன்னார்கள். தப்பு செய்தாலும் நஷ்டமில்லை அல்லவா? இன்றைய மருத்துவர்களும் நர்சுகளும் இப்படித்தான் பழகுகிறார்கள். பிறந்த குழந்தை அளவில் பொம்மை இருக்கிறது. மூச்சு விடாமல் பிறந்த குழந்தைக்கு எப்படிக் காற்று கொடுப்பது, மார்பை எவ்வளவு மெதுவாக அழுத்துவது என்று அந்தப் பொம்மையிடம் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார்கள். பிறந்த முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வந்தாக வேண்டுமாம். அந்த நேரத்தில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாதே!

குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளும் இப்போது உண்டு. சிறிது தேறிய குழந்தையை, கங்காருவைப் போல அம்மாவின் மார்போடு சேர்த்துக் கட்டி வைத்துக் கதகதப்பு கொடுப்பார்கள். அப்பாவும் அப்படி வைத்துக்கொள்ளலாம். வீட்டாரை வெளியே நிறுத்தாமல், உள்ளே அழைத்துக் கற்றுத் தருகிறார்கள்.

ஐடாவின் கதைக்கு வருவோம். 1930களின் இறுதியில் பெரிய சோதனை வந்தது. பட்டயப் படிப்பு இனி செல்லாது, பட்டப் படிப்புதான் வேண்டும் என்று அரசு விதியை மாற்றியது. கல்லூரியாக உயர்த்தாவிட்டால் மூட வேண்டியதுதான். எழுபது வயதில் ஐடா மறுபடியும் அமெரிக்கா போனார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பணம் திரட்டினார். ஆண்களையும் சேர்க்கலாமா, கூடாதா என்பதில், உதவி செய்தவர்களுக்குள்ளேயே சண்டை. பெண்களுக்காகவே தொடங்கிய பள்ளி என்பதால், ஐடாவுக்கும் அது எளிதான முடிவாக இருந்திருக்காது. ஆனாலும் ஒப்புக்கொண்டார். 1942ல் எம்.பி.பி.எஸ்., வகுப்பு தொடங்கியது. 1947ல் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

அவர் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. டென்னிஸ் என்றால் உயிர். வயதான பிறகும் மட்டையை விடவில்லை. ஒருமுறை, 'டாக்டர் ஐடா, இந்தியா' என்று மட்டும் முகவரி எழுதிய கடிதம் ஒன்று, தப்பாமல் வேலூருக்கு வந்து சேர்ந்ததாம். பின்கோடு பழக்கத்துக்கே வராத காலம் அது.

1960 மே 24ம் தேதி, கொடைக்கானலில் தன் 89வது வயதில் ஐடா காலமானார். வேலூரில் சி.எம்.சி., மருத்துவமனை இருக்கும் சாலைக்கு ஐடா ஸ்கடர் சாலை என்றே பெயர். கோட்டையைப் பார்க்கப் போகும்போது, அந்தப் பெயர்ப் பலகையையும் தேடிப் பாருங்கள்.