இலியா மெச்னிகோவ்

இலியா இலியிச் மெச்னிகோவ் (1845 - ஜூலை 15, 1916) ரஷ்யப் பேரரசில் பிறந்த விலங்கியலாளரும் நுண்ணுயிரியலாளரும் ஆவார். நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுக்காக 1908ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பால் எர்லிக்குடன் பகிர்ந்துகொண்டார். பூஞ்சையைக் கொண்டு பயிர்ப் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் முறையின் முன்னோடியும் இவரே. இப்பணி நோபல் பரிசின் புகழால் பெரிதும் மறைந்துவிட்டது.

இளமையும் ஒடெசாவும்

இன்றைய உக்ரைனில், கார்கிவ் பகுதியில் பிறந்தார். கார்கிவ் பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். 1870இல் ஒடெசாவில் விலங்கியல் பேராசிரியரானார். முதல் மனைவி லுத்மிலா 1873இல் காசநோயால் இறந்தது அவரை நிலைகுலையச் செய்தது. 1875இல் ஓல்காவை மணந்தார்.

பச்சைப் பூஞ்சை

1870களின் இறுதியில் தென் ரஷ்யாவின் கோதுமை வயல்களை ஒருவகை வண்டு அழித்து வந்தது. வண்டு கதிரிலுள்ள மணிகளைத் தின்னும். அதன் புழு மண்ணுக்குள் வேர்களைத் தின்னும். மண்ணுக்குள் இருக்கும் புழுவை எதைக் கொண்டு எட்டுவது என்பதே சிக்கல். இறந்த புழுக்கள் சிலவற்றின் மேல் பச்சைத் தூள் படிந்திருப்பதை மெச்னிகோவ் ஆராய்ந்தார். அது ஒரு பூஞ்சையின் வித்துகள். அவ்வித்து புழுவின் தோலில் ஒட்டி முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே பரவிக் கொல்கிறது. பூச்சி அதைத் தின்னவேண்டிய தேவையில்லை என்பதே இதன் சிறப்பு. 1879இல் தம் முடிவுகளை வெளியிட்ட மெச்னிகோவ், பீர் வடிக்கும் தானியக் கூழில் இப்பூஞ்சையை வளர்க்க முடியும் என்றும் காட்டினார்.

இதைப் பெருமளவில் செய்தவர் ஐசாக் கிரசில்ஷ்சிக். 1884இல் கீவுக்குத் தெற்கே ஸ்மேலாவில் நான்கு மாதங்களில் ஏறத்தாழ 55 கிலோகிராம் வித்துகளை உருவாக்கி, சர்க்கரைக்காகப் பயிரிடப்படும் பீட் கிழங்கைத் தாக்கும் கூன்வண்டின் மீது சோதித்தார். 50 முதல் 80 விழுக்காடு புழுக்கள் மடிந்தன. எனினும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். வறண்ட வயலில் அது எதிர்பார்த்த அளவு பலன் தராது.

நோய் எதிர்ப்பு ஆய்வு

1882இல் பேராசிரியர் பதவியைத் துறந்து இத்தாலியின் மெசினாவுக்குச் சென்றார். அங்கு இளம் நட்சத்திர மீன்களின் உடலில் முள்ளைச் செருகியபோது, நகரும் உயிரணுக்கள் அதைச் சூழ்ந்துகொள்வதைக் கண்டார். இக்கருத்துக்கு வலுவான சான்றைத் தந்தது மீண்டும் ஒரு பூஞ்சையே. நீர்த்தெள்ளு எனப்படும் சிற்றுயிரியின் உடலில் நுழைந்த பூஞ்சை வித்துகளை அதன் உயிரணுக்கள் விழுங்கிச் செரிப்பதை 1884இல் விளக்கினார். விழுங்க முடியாதபோது நீர்த்தெள்ளு இறந்தது. பூஞ்சை பூச்சியைக் கொல்வதை முன்னரே ஆராய்ந்தவருக்கு, கொல்லப்படாமல் தப்புவது எப்படி என்ற கேள்வி எழுந்தது இயல்பே.

1888இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்து, இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார்.

பெயர்

1883இல் சொரோகின் இப்பூஞ்சையை மெட்டாரைசியம் என்ற பேரினத்தில் சேர்த்தார். தமிழகத் தென்னந்தோப்புகளில் காண்டாமிருக வண்டின் புழுக்களை அழிக்க எருக்குழிகளில் இடப்படுவது இப்பேரினப் பூஞ்சையே.