நோயுற்ற நாளின் கூலி

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, எங்கள் விடுதியில் உணவு பரிமாறும் இளைஞர் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே தட்டெடுத்து வந்தார். போய்ப் படுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். வராத நாளுக்குக் கூலி கிடையாது என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

சில நாள் கழித்து, தில்லி அலிப்பூர் சாலையில் 26ஆம் எண்ணிலுள்ள நினைவகத்திற்குச் சென்றிருந்தேன். அறிஞர் அம்பேத்கர் 1956 டிசம்பர் 6 அன்று கண்மூடிய இடம் அது. அரசியல் சட்டத்தின் சிற்பி என்று அவரை நாமெல்லாம் அறிவோம். நோயுற்ற தொழிலாளியின் கூலியைப் பற்றிக் கவலைப்பட்டவரும் அவரே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைவீட்டில் பிறந்தார். பள்ளியிலே தனியே அமர்த்தப்பட்டார். தண்ணீர்க் குழாயைத் தொடவும் உரிமையில்லை. பின்னர் பம்பாயில், ஆலைத் தொழிலாளர் நிறைந்த பரேல் பகுதியில் வளர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு பரோடா அரசுப் பணியில் சேர்ந்த சில நாட்களிலேயே தந்தை நோயுற்ற செய்தி வந்தது. ஓடோடி வந்தார். 1913 பிப்ரவரி 2 அன்று தந்தை மறைந்தார். அமெரிக்காவிலும் இலண்டனிலும் பயின்று பெரும் பட்டங்கள் பெற்றார். ஆயினும் நான்கு குழந்தைகளை இளமையிலேயே பறிகொடுத்தார். 1935இல் நெடுநாள் நோயில் மனைவி இரமாபாயையும் இழந்தார். வறுமையும் நோயும் ஒரே வீட்டில் குடியிருந்தால் என்ன ஆகும் என்பதை ஏட்டில் படித்து அறிய வேண்டிய நிலையில் அவர் இல்லை.

1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதா வந்தது. பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வு பெறுவது நாட்டின் நலனுக்கே உரியது என்றும், அச்செலவில் முதலாளிக்கும் பங்குண்டு என்றும் வாதாடினார். மறு ஆண்டு அது சட்டமாயிற்று.

1942இல் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றார். ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளில், ஓராண்டு உழைத்தவருக்குச் சம்பளத்துடன் பத்து நாள் விடுமுறை தரும் சட்டத் திருத்தம் 1945இல் நிறைவேறியது. அதற்கு முன்பே, 1943இல், நோய்க்காலக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுக்கும் பொறுப்பு பேராசிரியர் அடார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. 1944இல் அறிக்கை வந்தது. அதன் வழியே 1948இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் பிறந்தது. அப்போது அவர் அத்துறையில் இல்லை. பெருமை பலருக்கும் உரியதே. ஆனால் நிலத்தை உழுதபோது ஏரைப் பிடித்தவர்களில் அவரும் ஒருவர்.

முதலாளியும் தொழிலாளியும் பணம் செலுத்த, நோய்க்காலத்தில் ஊதியத்தின் ஒரு பங்கு தொழிலாளிக்குக் கிடைக்கும் என்பதே அச்சட்டத்தின் சாரம். அவ்வுதவி பெறும் நாட்களில் அவரை வேலையிலிருந்து நீக்கவும் தடை விதிக்கப்பட்டது. 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது. 1955இல் நம் கோவைக்கும் வந்தது. பின்னாளில் உதவி ஆண்டுக்கு 91 நாள் வரையும், ஊதியத்தில் 70 விழுக்காடாகவும் வளர்ந்தது.

பிறர் ஓய்வுக்காகப் பாடுபட்ட அவருக்கோ ஓய்வில்லை. நீரிழிவு நோய் உடலை அரித்தது. உயிர் பிரிவதற்கு முந்திய இரவிலும் தம் நூலின் முன்னுரையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

விடுதிக்குத் திரும்பியதும் அந்த இளைஞரிடம், காப்பீட்டு எண் உண்டா என்று விசாரித்தேன். அப்படியொன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. ஒப்பந்தக்காரரைக் கேட்கவும் அச்சம். கேட்டால் அந்த வேலையும் போய்விடுமாம்.

நண்பர்களே, ஏட்டில் இருக்கும் சட்டம் ஏழையின் வீட்டுக்குத் தானாக நடந்து போவதில்லை. அவர் கேட்க அஞ்சுவதை நாம் கேட்கலாம். நமக்குப் போகக்கூடிய வேலை எதுவும் இல்லை. வரும் திங்கட்கிழமை விடுதிக் காப்பாளரைக் காணச் செல்கிறேன். உடன் வர விரும்புவோர் வருக.